பால் மரமும் காமன் கம்பமும்

மாசி மாதம் பிறந்துவிட்டால் சப்பிரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களின் தோற்றமே மாறிவிடும். ஆண்டின் பெரும்பகுதியும் வெயில் தரையைத் தொடாத வண்ணம் கவிந்து நின்ற மரங்கள், தை மாதத்திலிருந்தே இலைகளைச் செம்பழுப்பாக்கி உதிர்க்கத் தொடங்கி, சில வாரங்களுக்குள் வெறுங்கொம்புகளாய் நிற்கும். நடந்தால் கணுக்கால் வரை சருகு புதையும். மலைநாடு என்றதும் நுவரெலியாவின் குளிரையும் தேயிலைக் கொழுந்தையும் மாத்திரமே நினைக்கும் நகரத்து நேயர்கள், கேகாலை மாவட்டத்து யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டைப் பகுதிகளையும், இரத்தினபுரி மாவட்டத்துக் காவத்தை, பெல்மதுளை, நிவித்திகலைப் பகுதிகளையும் இந்நாட்களில் ஒருமுறை வந்து பார்த்தல் வேண்டும். இங்கே பனி இல்லை. புழுக்கம் உண்டு, அட்டை உண்டு, வேண்டிய மட்டும் மழை உண்டு. இவற்றுக்கிடையே ஒரு கூத்தும் உண்டு. அதனைப் பற்றியே எழுத முற்பட்டோம்.

கூத்துக்கும் இலையுதிர்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பால் வெட்டும் தொழிலாளியின் நாள் விடியுமுன்னரே தொடங்குகிறது. இளங்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். ஆகவே கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாகச் சென்று, முந்தைய வெட்டின் கீழே பட்டையை மெல்லிய சீவலாகச் சரிவாய்ச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும்; மேலோட்டமாகப் போனால் சிரட்டை வெறுமையாய் இருக்கும். இவ்வாறு ஏறக்குறைய 300 மரங்கள். பின்னர் அதே வழியே திரும்பி, சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு இஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் பெயர் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் வாரங்களிலோ பால் மிகவும் குறைந்து, பல மலைகளில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். கைக்கு ஓய்வு, வயிற்றுக்கும் சற்றே ஓய்வுதான். அவ்வாரங்களிலேயே காமன் வந்து சேர்கின்றான்.

எம் முன்னோர்கள் இதனைக் கணக்கிட்டுச் செய்தனர் என்று சொல்வதற்கில்லை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், தஞ்சைச் சீமைகளிலிருந்து அவர்கள் கொண்டுவந்த பண்டிகை அது. அறுவடை முடிந்த மாசியில் ஊரிலே ஆடியதை, கடல் தாண்டிவந்த பின்னர் இறப்பர் மரம் ஓய்ந்த மாசியில் ஆடினார்கள். அம்மரமும் வந்தேறிதானே. பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் 1876ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கொண்டுசென்ற விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வளர்க்கப்பட்டன. அந்த மரத்தை வெட்ட எம் பாட்டனார் வந்தார். இரண்டு வந்தேறிகளும் ஒரே மாதத்தில் ஓய்வெடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் ஊன்றுவார்கள். லயத்துக்கு முன்னால் உள்ள வெளியில், ஆமணக்குக் கொம்பையும் கரும்பையும் வைக்கோற்பிரியால் சுற்றிக் கம்பமாக நடுவார்கள். அன்றிலிருந்து அந்த இடம் காமன் பொட்டல். ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் புனைவோர் காப்புக் கட்டி விரதம் இருப்பர். இருவருமே ஆண்கள். பகலெல்லாம் பால் வாளி சுமந்த தோளுக்கு இரவில் சேலை சுற்றி, வளையல் அடுக்கி, பூச்சூட்டி நிறுத்தினால், அத்தோட்டத்துப் பெண்களே அவரை ‘ரதியம்மா’ என்று கும்பிட்டுக் கைக்குழந்தையைக் கையில் கொடுத்து வாங்குவார்கள். அடுத்த வாரம் பிரட்டுக்களத்தில் அதே மனிதரைக் கங்காணி அதட்டிக்கொண்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

கதை நேயர்கள் அறிந்ததே. தவத்தில் ஆழ்ந்த சிவனை எழுப்புமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகிறார்கள். கரும்பு வில்லும் மலர் அம்புமாக அவன் புறப்படுகிறான். தீக்கனாக் கண்ட ரதி, போகவேண்டாம் என்று மறிக்கிறாள். அவன் கேட்பதில்லை. நெற்றிக்கண் திறக்கிறது. எமது தோட்டத்திலே சிவனை உயரமான பரண்மேல் அமர்த்தி, அங்கிருந்து காமன் கம்பம் வரை கயிறு கட்டி, அதன் வழியே வாணம் ஒன்றைச் சீறிப் பாயவிடுவார்கள். கம்பம் பற்றி எரியும். மன்மதன் வேடம் புனைந்தவர் சாய்வார். அப்போது எழும் ரதியின் புலம்பல் இருக்கிறதே, அதற்காகத்தான் பத்துப் பன்னிரண்டு நாள் இரவு விழிப்பெல்லாம். மூன்றாம் நாள் மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டும் உயிர்பெற்று எழுவதோடு கூத்து நிறைவெய்தும். ஆயினும், உயிர்த்தெழும் காட்சிக்கு வரும் கூட்டம் எரியும் காட்சிக்கு வருவதில் பாதி கூட இராது. துக்கத்துக்கு உள்ள கவர்ச்சி அத்தகையது.

இரவு முழுவதும் விழித்திருப்பவர்களுக்கு வெறுந்தேத்தண்ணீர் வேண்டும். அதற்குச் சீனி கிடையாது. ஒரு கடி கித்துள் கருப்பட்டிதான். தமிழகத்தில் கூந்தற்பனை என்று சொல்லும் மரமே எங்கள் பக்கத்துக் கித்துள். சப்பிரகமுவக் காடுகளின் ஓரமெங்கும் அது தானே முளைத்து நிற்கும். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மெல்லிய மூங்கிற்கழி ஒன்றிலே கால்வைத்து அம்மரங்களில் ஏறுவதை நாம் சிறுபிராயத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதுண்டு. பாளையின் நுனியை நாள்தோறும் இருவேளை சீவி, வடியும் பதநீரை இறக்கி, வாய் அகன்ற பாத்திரத்தில் காய்ச்சினால் முதலில் பாணி, மேலும் காய்ச்சினால் கருப்பட்டி. தேங்காய்ச் சிரட்டையில் வார்த்து எடுப்பதால் அது அரைப்பந்து வடிவில் இருக்கும். இந்த மரத்துக்கும் சீவல், அந்த மரத்துக்கும் சீவல். இங்கும் சிரட்டை, அங்கும் சிரட்டை. நாங்கள் சீவிய மரத்தின் பால் கப்பலேறிப் போயிற்று, அவர் சீவிய மரத்தின் பால் தேத்தண்ணீருக்கு வந்தது என்பதே வேறுபாடு. நாங்கள் அவரை ‘அப்புஹாமி’ என்போம். காமன் எரியும் இரவில் அவர் கருப்பட்டிக் கூடையோடு வந்து, விற்றது போக மிகுந்ததைத் தப்படிப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு, விடியும் வரை முன்வரிசையில் குந்தியிருப்பார். தமிழ் அவருக்கு அரைகுறை. ரதி அழும்போது மட்டும் அவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இவ்வளவையும் நினைவுக்குக் கொண்டுவந்தது மொன்றியல் நகரிலிருந்து வந்த ஒரு கடிதம். எம் தங்கையின் மகள் அங்கே குடும்பத்தோடு வாழ்கிறாள். சென்ற ஆண்டு மார்ச் மாதம் அவளை நண்பர்கள் ஊருக்கு வெளியே ஒரு சர்க்கரைக் குடிலுக்கு அழைத்துச் சென்றார்களாம். குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவிலே உறைபனியும் பகலிலே இளவெயிலுமாக இருக்கும் சில வாரங்களில், மேப்பிள் மரத்தில் துளையிட்டால் நீர் போன்ற சாறு வடிகிறது. ஏறக்குறைய 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாகு கிடைக்கும். கொதிக்கும் பாகைச் சுத்தமான பனிக்கட்டித் தூளின்மேல் ஊற்றி, அது இறுகும்போது குச்சியில் சுருட்டிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அக்குடிலில் முதியவர் ஒருவர் வயலின் வாசித்தாராம். கூட வேறு தாளக்கருவி இல்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே இரண்டு பாதங்களாலும் பலகைத் தரையில் தாளமிட்டார். ஒருவர் ஓரடியைப் பாட, மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அதனைத் திருப்பிப் பாடினார்கள். “மாமா, கண்ணை மூடிக்கிட்டேன். நம்ம தோட்டத்துத் தப்பு மாதிரியே இருந்துச்சு” என்று எழுதியிருந்தாள்.

இறப்பர்ப் பால் வெட்டியவரின் பேத்தி, மேப்பிள் பால் வடியும் காட்டிலே நின்று தப்பை நினைக்கிறாள். எமக்கு அக்கடிதத்தை மடித்து வைக்க மனம் வரவில்லை. அந்தப் பாதத்தாளக்காரர்களைப் பற்றித் தேடிப் படித்தோம். படித்ததில் எம் மனத்தைத் தைத்தது கனடாவில் இருப்போரின் கதையன்று. எல்லை கடந்து ஐக்கிய அமெரிக்காவுக்குப் போனவர்களின் கதை.

கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக் குடியானவர்கள் 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறத்தாழ 9 இலட்சம் பேர், நிலம் போதாமலும் கடன் தாங்காமலும் தெற்கே போனார்கள். லோவெல், மான்செஸ்டர், லூயிஸ்டன், வூன்சொக்கெற் ஆகிய ஊர்களின் பஞ்சாலைகளில் ஆண், பெண், குழந்தைகள் என்று குடும்பத்தோடு வேலை செய்தார்கள். அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களுக்குச் ‘சின்னக் கனடா’ என்று பெயர். எங்கள் லயங்களில் ஊர்ப் பெயரும் குலதெய்வமும் வந்து குடியேறியது போல, அங்கே வயலினும் வேதக்கோயிலும் குடியேறின. மாலையில் ஒரு வீட்டுச் சமையலறையில் மேசை நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். வெர்மொன்ற், மெயின் முதலிய எல்லை மாநிலங்களில் மேப்பிள் மரமும் இருந்தமையால் சர்க்கரைக் காலக் கொண்டாட்டமும் கூடவே தொடர்ந்தது. மேப்பிளைக் கீறிச் சாறெடுக்கும் வித்தையை வெள்ளையர் அந்நிலத்து ஆதிக்குடிகளிடமிருந்தே கற்றுக்கொண்டனர் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கும் ஓர் அப்புஹாமி இருந்திருக்கிறார்.

அவர்களுடைய பாட்டை அழிக்கப் பார்த்தது தூரமன்று. ஒரு நாள் ரயில் பயணத்தில் சொந்த ஊர் இருந்தது. அழிக்கப் பார்த்தது வெட்கம். மெயின் மாநிலத்தில் 1919ஆம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பொதுப் பாடசாலைகளில் ஆங்கிலத்திலேயே போதிக்க வேண்டும் என்றார்கள். வீட்டிலே பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் அம்மொழியைப் பேசினாலே தண்டனை பெற்றார்கள். அச்சட்டம் 1969ஆம் ஆண்டு வரை இருந்தது. ஐம்பது ஆண்டுகள் என்பது இரண்டு தலைமுறை. தாத்தாவின் பாட்டைக் கேட்டால் பேரன் கதவைச் சாத்துகின்ற அளவுக்கு அது போதும். லோவெல் நகரிலே அத்தகைய குடும்பத்தில் 1922இல் பிறந்து ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஜாக் கெரூவாக் கூட, தாய்மொழியாகப் பேசி வளர்ந்தது பிரெஞ்சைத்தான்.

வெட்கத்தைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி உண்டு. எங்கள் கூத்தின் உயிர் தப்பு. தப்பு இல்லாவிட்டால் ரதி அடியெடுத்து வைக்கமாட்டாள். பலா, வேம்பு போன்ற மரத்தாலான வளையத்திலே மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வைக்கோல் மூட்டி நெருப்பில் காய்ச்சிச் சுதி ஏற்றி, வலக்கையில் தடித்த குச்சியும் இடக்கையில் மெல்லிய சிம்புமாக அடிக்கும் கருவி அது. அக்காலத்தில் தோட்டத்தையே எழுப்பியதும் தப்புத்தான். விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படித்தார்கள். பிறப்புக்கும் அதுவே, திருமணத்துக்கும் அதுவே, பிணத்துக்கும் அதுவே. ஆனால் அதனை அடித்தவரைத் தனி லயத்தில் வைத்தார்கள். சில தோட்டங்களில் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேறு கோப்பை இருந்தது. காமன் பொட்டலில் அவர் தாளத்துக்குத் தோட்டமே ஆடும்; விருந்துப் பந்தியில் அவர் கடைசி. இந்நிலையில் அவருடைய மகன் பள்ளிக்கூடம் போய் நாலெழுத்துப் படித்ததும் முதலில் செய்த காரியம் தப்பை வீட்டு மச்சில் தூக்கிப் போட்டதுதான் என்றால், அவனைக் குறை சொல்வதற்கு யாருக்கு வாய் உண்டு? தமிழிலே தப்பு என்ற சொல்லுக்குப் பிழை என்ற பொருளும் இருப்பது அப்பிள்ளைகளுக்குச் சகபாடிகள் கொடுத்த கூடுதல் தண்டனை.

வெட்கம் உள்ளிருந்து அரித்ததென்றால், சட்டம் வெளியிலிருந்து வெட்டிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதியானவர்களைப் பத்தாண்டு கழித்துச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே லயத்துக் காம்பராவில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்தன.

எமது தோட்டத்துக் கூத்து வாத்தியாருக்கு 1974இல் பயணநாள் வந்தது. அவர் பால் வெட்டுக்காரர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். காமன் பாட்டும் வசனமும் முழுவதையும் ஒரு தடித்த கொப்பியில் எழுதி வைத்திருந்தார். தம் வாத்தியாரிடமிருந்து பெற்றது அது. சீடப்பிள்ளைக்கு அதனைக் கொடுத்துவிட்டுப் போவதே வழக்கம். ஆனால் சீடப்பிள்ளைக்கும் இந்தியாவே விழுந்திருந்தது. ஆகையால் கொப்பி இருவரோடும் தலைமன்னார்த் துறையில் கப்பலேறி, இராமேஸ்வரம் சென்று, அங்கிருந்து கன்னட நாட்டுச் சுள்ளியா வட்டாரத்தில் தாயகம் திரும்பியோருக்காக உண்டாக்கப்பட்ட இறப்பர்த் தோட்டத்துக்குப் போய்விட்டது. அங்கும் அவர் பால்தான் வெட்டினார்.

அவர் புறப்படுமுன் நடந்த மாசிக் கூத்தை எம்மால் மறக்க இயலாது. அது பஞ்சகாலம். மாவுக்கும் அரிசிக்கும் கூப்பன் கடை வாசலில் நின்று வெறுங்கையோடு திரும்பிய காலம். வாணம் வாங்கப் பணம் இல்லாமல், எண்ணெய்த் துணியைச் சுற்றிய பந்தத்தாற் கம்பத்தைக் கொளுத்தினார்கள். ரதியின் புலம்பல் தொடங்கியதும் வழக்கம்போல் பெண்கள் அழுதார்கள். சற்று நேரத்தில் அழுகை கதையை விட்டு விலகிவிட்டது. கணவனை மறித்தும் கேளாமல் போனான் என்று ரதி புலம்பும்போது, அடுத்த மாதம் கப்பலேறவிருந்த மகனைக் கட்டிக்கொண்டு ஒரு தாய் அலறினாள். அவளைத் தேற்ற எழுந்தவளும் அலறினாள். தப்படிப்பவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். வாத்தியார் மட்டும் நிறுத்தாமல், கொப்பியைப் பாராமலே, அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். கூத்தை நடுவிலே விடக்கூடாது என்பது அவர் கொள்கை. அவ்விரவு மூன்றாம் நாள் உயிர்த்தெழும் காட்சியையும் சேர்த்து விடியுமுன்னரே ஆடி முடித்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் அப்படி நடந்ததில்லை.

அதற்குப் பிறகு வாத்தியார் இல்லாமல் தெரிந்ததை வைத்துச் சில ஆண்டுகள் ஆடினார்கள். 1977இல் கலவரம் வந்தது. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் மீண்டும் வந்தது. 1983இல் நாடெங்கும் வந்தது. லயங்கள் எரிந்தன, பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. மேலே சொன்ன அப்புஹாமியின் வீட்டில் எம் பெரியம்மா தம் பிள்ளைகளோடு மூன்று இரவுகள் பதுங்கியிருந்தார். மனிதரே எரிந்த ஊரிலே காமனைக் கொளுத்த எவருக்கும் மனம் வரவில்லை. எமது தோட்டத்தில் காமன் பொட்டலைப் புல் மூடியது. அதே 1983ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் மெயின் மாநிலத்தில் வாழ்ந்த சைமன் சென்பியர் என்னும் பிரெஞ்சு வயலின்காரருக்கு நாட்டின் மரபுக்கலை விருதை வழங்கியது. அவர் கியூபெக்கில் பிறந்து, காட்டில் மரம் வெட்டப் போனவர். பிரெஞ்சுப் பேச்சைப் பள்ளியில் தடுத்த அதே மாநிலம் அது. இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்களிலும் பாட்டைச் சேர்த்து வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதற் பாராளுமன்றத்துக்குச் சென்றவரும் கவிஞருமான சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், தோட்டத்து மக்களின் பாடல்களை லயம் லயமாகக் கேட்டுத் தொகுத்தார். சாரல்நாடன் அவர்கள் மலையக வாய்மொழி இலக்கியத்தைப் பற்றி நூல் எழுதினார். இவர்கள் செய்திராவிடில் எத்தனையோ பாடல்கள் பாடியவர்களோடு புதைந்திருக்கும். ஆயினும் கூத்து என்பது நூலில் அடங்குவதன்று. ஆடுபவரின் கால் எந்த அடியில் திரும்ப வேண்டும் என்பதை அச்செழுத்து சொல்லாது.

புல்லை வெட்டிப் பொட்டலை மீண்டும் துலக்கியது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறோம். தோட்டத்து இளைஞர் சிலர் கொழும்பிலே கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்கள். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடைபயணம் சென்றார்கள் அல்லவா? அதிற் சில மைல் நடந்துவிட்டு வந்தவர்கள், நம் தோட்டத்துக் காமனை ஏன் விட்டோம் என்று பெரியவர்களைக் கேட்டார்கள். கொப்பி இல்லை என்றார்கள் பெரியவர்கள். சுள்ளியாவுக்கு எழுதிக் கேட்டதில், வாத்தியார் காலமாகிவிட்டார், கொப்பி கரையான் அரித்துவிட்டது என்று பதில் வந்தது.

அப்பொழுதுதான் எம் பெரியம்மா வாயைத் திறந்தார். அவருக்கு எண்பதைக் கடந்த வயது. எழுத்து வாசனை கிடையாது. பெண் என்பதால் காமன் பொட்டலில் ஒருநாளும் காலடி வைக்காதவர். ஆனால் முப்பது மாசிகள் முன்வரிசையில் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். ரதியின் புலம்பலை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை சொன்னார். இடையிலே நிறுத்தினால் தொடரத் தெரியாது. மறுபடி முதலிலிருந்தே தொடங்க வேண்டும். இளைஞர்கள் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டார்கள். சிவன், மன்மதன் வசனங்களைப் பக்கத்துத் தோட்டக் குழுவினர் கொடுத்து உதவினார்கள். எமன் வந்து பேசும் பகுதி மட்டும் எவருக்கும் முழுமையாக அகப்படவில்லை. எமனாக வரும் பையன் தோட்டத்து நடப்பை வைத்துச் சொந்தமாகப் பேசிச் சிரிக்க வைக்கிறான். வாத்தியார் இருந்தால் அனுமதித்திருக்க மாட்டார். எமக்கென்னவோ பிடித்திருக்கிறது.

தப்புக்குத்தான் பாடுபட்டார்கள். மச்சில் தூக்கிப்போட்ட மனிதரின் மகன் இன்று பட்டதாரி ஆசிரியர். அவரிடம் போய்க் கேட்டபோது, “தாத்தாவைப் பந்தியிலே எங்க உட்கார வச்சாங்க?” என்று ஒரே கேள்வி கேட்டாராம். போனவர்கள் பேசாமல் திரும்பி வந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பெரியவர் இருவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது, மேடைக் கலைஞருக்குரிய சம்பளம் கொடுப்பது, முதற் பந்தியில் அமர்த்துவது என்று முடிவாயிற்று. சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களும் அந்தப் பந்தியிற் சாப்பிட்டார்கள். ஆசிரியர் தாமும் அடித்து, தம் மாணவர் நால்வருக்கும் கற்றுக்கொடுத்துவருகிறார். அவர்களில் இருவர் தப்படிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

குறைகள் உண்டு. பத்துப் பன்னிரண்டு இரவுகள் ஆட இப்போது ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஊன்றும் நாளுக்கும் எரிக்கும் நாளுக்கும் இடையில் வார இறுதிகளில் மட்டுமே ஆட்டம். பௌர்ணமி நமக்குப் போயா விடுமுறையாதலால், கொழும்பிலிருப்பவர்கள் அன்று வந்துசேர வசதி. போயா தினத்தில் மதுச்சாலை பூட்டியிருப்பதும் கூத்துக்குப் பெரிய உபகாரம் என்று குழுத்தலைவர் சொல்கிறார். தோட்டமும் பழையபடி இல்லை. இறப்பர் மரங்களிற் பல பிடுங்கப்பட்டு வேறு பயிர்கள் வந்துவிட்டன. பழைய மலையில் மிஞ்சியிருப்பவற்றை வெட்டவும் ஆள் அருகிவிட்டார்கள். மாசியில் வெட்டு ஓய்வதை அறியாத பிள்ளைகள் கூத்துக்கு வருகிறார்கள்.

மொன்றியலுக்குப் பெரியம்மாவின் குரற்பதிவை அனுப்பியிருந்தோம். மருமகள் ஒரு சிறு போத்தல் மேப்பிள் பாகு அனுப்பினாள். பெரியம்மா விரலில் தொட்டு நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, “பாணிதான். கொஞ்சம் புகை வாசம் பத்தாது” என்று தீர்ப்புக் கூறிவிட்டார். அப்புஹாமி இறந்து நெடுங்காலமாயிற்று. அவருடைய பேரன் கித்துள் சீவுகிறான். இவ்வாண்டுக்கு இருபது கருப்பட்டி சொல்லி வைத்திருக்கிறோம். தப்புகள் இரண்டுக்குத் தோல் மாற்றவேண்டியிருந்தது, மாற்றியாயிற்று. ரதிக்குக் காப்புக் கட்ட இருப்பவன் தெஹியோவிட்டையில் முச்சக்கர வண்டி ஓட்டும் பையன். விரத நாட்களில் வண்டியை எங்கே நிறுத்திச் சாப்பிடுவது என்பதே அவனுடைய கவலை. வளர்பிறை மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்குக் காமன் ஊன்றுகிறார்கள்.